மூன்றாவது பாலத்துக்கு அடியில்

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? உன் மனைவியின் இருமல் நின்றதா? போனில் கேட்கலாமென்றால் அம்மாவுக்குக் காது கேட்பதில்லை, உனக்கு நேரம் இருப்பதில்லை. அதனால் பழையபடி கடிதம். அம்மாவை எதிரே உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டு.

அம்மா, உன் மகன் போட்ட திட்டம் எங்கள் ஊரில் தொடங்கி இன்றோடு பத்து நாள் ஆகிறது. நெடுஞ்சாலையில், பழுதான வண்டிகள் ஒதுங்கி நிற்பதற்காகக் கோடு போட்டு விட்டிருக்கும் ஓரம் தெரியுமல்லவா? மூன்று தடமும் அடைத்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் அந்த ஓரத்தில் பஸ் மட்டும் போகலாம் என்று உத்தரவு. பதினாறு வருடமாக அதே சாலையில் ஓட்டுகிறேன். காலை ஆறே முக்கால் வண்டியை எடுத்தால் பெரிய ஆஸ்பத்திரி வாசலைத் தொட ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். முதல் நாள் கோட்டைத் தாண்டிச் சக்கரத்தை வைத்தபோது, அடுத்தவர் வீட்டுக்குள் செருப்புக் காலோடு நுழைவது போல எனக்கே கூச்சமாக இருந்தது. பக்கத்தில் கார்கள் வரிசையாக நிற்க, நாங்கள் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தோம். பிறகு பின்னாலிருந்து ஒருவர் கை தட்டினார். ஐம்பத்தெட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

எல்லோருக்கும் சந்தோஷம், ஒருவரைத் தவிர. தினமும் என் வண்டியில் உட்கார்ந்து மின்சார ரேஸரால் முகம் மழிக்கும் வங்கி குமாஸ்தா ஒருவர் உண்டு. இப்போது பாதிக் கன்னத்தோடு இறங்க வேண்டியிருக்கிறதாம். என்னிடம் புகார் சொன்னார்.

டெப்போவில் என்னை 'டீச்சர்' என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் வண்டியை எடுப்பேன் என்பதால் வைத்த பெயர். டீச்சரின் தம்பி போட்ட ரோடு என்று இப்போது உன் பெயரும் அடிபடுகிறது.

உன் அக்கா

(தனித் தாள். இதை அம்மாவுக்குப் படிக்காதே, பயப்படுவாள்.)

ஒரு விஷயம். மூன்றாவது மேம்பாலத்துக்கு அடியில் பாலத்தின் தூண் ஓரத்தை ஒட்டி நிற்கிறது. ஓரம் தூணைச் சுற்றி வளைகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று என் சீட்டிலிருந்து தெரிவதில்லை. தெரியும்போது மிக அருகில் வந்துவிடுகிறேன். அங்கே வண்டி ஏதாவது பழுதாகி நின்றால் என்ன செய்வது? நீ ஒருமுறை பார்த்துச் சொல்.


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னாள் அம்மா. முகம் மழிப்பவர் கதைக்கு இரண்டு முறையும் சிரித்தாள். முழங்கால் பரவாயில்லை, மாடிப்படிதான் ஏற முடியவில்லை. இவளுக்கும் இருமல் விட்டுவிட்டது. மாமாவின் வேலை எப்படிப் போகிறது? லிஃப்ட் பழுது பார்க்க ஏறும்போது இடுப்புப் பட்டையைப் போட்டுக்கொள்கிறாரா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

திட்டத்தின் முதல் மூன்று வாரக் கணக்கு வந்துவிட்டது. தலைமைப் பொறியாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒன்பது வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. புதுச் சாலை போடாமல், ஒரு மரத்தை வெட்டாமல், இருக்கிற தாரின் மேலேயே இவ்வளவு நேரம் மிச்சம் பிடித்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் பெருமை. இன்னும் இரண்டு ஊருக்கு விரிவாக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது நடந்தால் என்னைத் துணைத் தலைமை ஆக்குவார்கள் என்று பேச்சு.

தனித் தாளில் கேட்டிருந்தாயே, அந்தப் பாலத்தைப் பார்க்கிறேன். வரைபடத்தில் அகலம் சரியாகத்தான் இருக்கிறது. விதி உனக்குத் தெரியும்: மற்ற வண்டிகள் ஊர்ந்து போகும்போது மட்டும்தான் ஓரம், அதுவும் நாற்பதுக்கு மேல் கூடாது. அதற்குள் ஓட்டினால் ஒன்றும் ஆகாது.

என்றும் உன் தம்பி


ஜூலை 22

அன்புள்ள தம்பிக்கு,

உனக்குப் பதவி உயர்வு வரப்போகிறது என்று படித்து வீடே சந்தோஷப்பட்டது. இடுப்புப் பட்டை போடுகிறேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து எழுதச் சொன்னார் உன் மாமா. எழுதிவிட்டேன், போடுகிறாரா என்பது வேறு விஷயம். சின்னவள் பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். ஓடியது மூன்று பேர்தான் என்பதைப் பிறகுதான் சொன்னாள்.

என் வண்டியில் வாரம் மூன்று நாள் ஒரு அம்மாள் வருவார். சிறுநீரகத்துக்காக ரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர். முன்பெல்லாம் நேரம் தவறினால் இயந்திரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்களாம், அன்று முழுவதும் பெஞ்சில் காத்துக் கிடக்க வேண்டும். இந்த ஒன்றரை மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இறங்கும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அது உனக்குச் சேர வேண்டியது. அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பாலத்தடியில் நான் இருபதில்தான் போய்க்கொண்டிருந்தேன். இப்போது ஓரத்தை நம்பி நேர அட்டவணையைச் சுருக்கிவிட்டார்கள். தினமும் நாலு நிமிடம் தாமதம், ஏன் என்று டெப்போ மேனேஜர் விளக்கம் கேட்டார். வாயால் சொன்னேன். "மத்தவங்க எல்லாம் நாப்பதுல போறாங்களே, டீச்சர்" என்றார். நானும் இப்போது நாற்பதில் போகிறேன். நீ பார்த்துவிட்டாயா?

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் சௌக்கியம். அம்மா புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள். போட்டதிலிருந்து வீட்டில் தூசி அதிகமாகிவிட்டது என்கிறாள்.

அவசரமாக எழுதுகிறேன். அரையாண்டு அறிக்கைக்குத் தலை போகிற வேலை. ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகம்தான். நீ சொன்ன பாலத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டாம் கட்டத்தில் எல்லாப் பாலங்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இந்த நேரத்தில் ஒரு இடத்தை மட்டும் தனியாக எடுத்துச் சொன்னால் மொத்தத்தையும் நிறுத்திவிடுவார்கள். அந்த அம்மாளுக்காகவாவது அது நிற்கக் கூடாது, இல்லையா?

சின்னவளுக்கு என் பாராட்டு. அடுத்த முறை நாலு பேர் ஓடட்டும்.

தம்பி


அக்டோபர் 2

அன்புள்ள தம்பிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். எல்லோரும் நலம். எனக்கு மணிக்கட்டு பிசகிக்கொண்டது, கட்டுப் போட்டிருக்கிறார்கள். அதனால் கையெழுத்து கோணலாக இருக்கும். கொஞ்ச நாள் லீவில் இருக்கிறேன். அம்மா, கவலைப்பட ஒன்றுமில்லை, வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு எடை போடுகிறேன்.

ஓரத்தில் ஒரு விபத்து நடந்ததை நீ பேப்பரில் பார்த்திருப்பாய். போன மாதம் ஒன்பதாம் தேதி காலையில். பழுதான காரிலிருந்து இறங்கிய ஒருவர் போய்விட்டார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. ஓட்டுநருக்கும் ஒன்றுமில்லை. திட்டத்தை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கார்களோடு கார்களாக எல்லோரும் நிற்கிறார்கள்.

உனக்கு அலுவலகத்தில் சிரமம் இருக்குமே என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா


அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். இந்த இரண்டு வரியை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். மீதி உனக்கு.

விபத்து அறிக்கை என் மேசைக்கு வந்தது. ஓட்டுநரின் பெயரை மறைத்து பேட்ஜ் எண்ணை மட்டும் போட்டிருந்தார்கள். பதினாறு வருடமாக உன் சட்டைப் பையின் மேல் இருக்கும் எண் எனக்குத் தெரியாதா? அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். பக்கத்து மேசைக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

'ஓட்டுநர்' என்று யாரோ மாதிரி எழுதியிருக்கிறாய். என்ன நடந்தது என்று எனக்கு எழுது. நல்ல வக்கீல் வேண்டுமா? சங்கத்தில் உதவுகிறார்களா? நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

விசாரணை முடியும்வரை யாரிடமும் எதுவும் பேச வேண்டாம்.

உன் தம்பி


அக்டோபர் 30

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு வேறொரு கடிதம் எழுதி இதே உறையில் வைத்திருக்கிறேன். அதைப் படித்துக் காட்டு. சின்னவளின் பரீட்சை பற்றி இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். உன் மாமாவிடம்கூட இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை.

காலை ஏழு இருபது. வெயில் நன்றாக இருந்தது, சாலை காய்ந்திருந்தது. ஓரத்தில் போய்க்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு. வண்டிக் கருவியில் பதிவாகியிருக்கிறது. தூணைச் சுற்றி வளைந்தேன். அங்கே ஒரு நீலக் கார் நின்றது. அதற்கு இந்தப் பக்கம் ஒருவர் என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். பழுதான வண்டிக்குப் பின்னால் நிறுத்துவோமே, சிவப்பு முக்கோணம், அதை இரண்டு கையாலும் விரிக்கப் பார்த்துக்கொண்டே வந்தார். தலை குனிந்திருந்தது. பிரேக்கில் ஏறி நின்றேன் என்றே சொல்ல வேண்டும். ஒரு பக்கம் தூண், மறுபக்கம் நெருக்கமாகக் கார்கள். திருப்ப இடமில்லை. சத்தம் கேட்டு அவர் நிமிர்ந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவ்வளவுதான் நேரம் இருந்தது.

இறங்கி ஓடினேன். என் வண்டியில் தினமும் வருகிற நர்ஸ் ஒருத்தியும் ஓடி வந்தாள். அவள் முடிந்ததையெல்லாம் செய்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்கு ஓரத்தைத் தவிர வழியில்லை, ஓரத்தை அடைத்துக்கொண்டு நின்றன என் பஸ்ஸும் அதன் பின்னால் அடுத்தடுத்து வந்த பஸ்களும். கடைசி இருநூறு மீட்டரை அவர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். அதற்குள் முடிந்துவிட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை, விடவும் தெரியவில்லை. நர்ஸ்தான் விரல் விரலாகப் பிரித்தாள்.

முதல் விசாரணை முடிந்தது. அதற்கு முன் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், என் மேல் அக்கறையில்தான் சொன்னார். "காருல எச்சரிக்கை விளக்கு எரியல. முக்கோணமும் வைக்கல. அத மட்டும் சொல்லுங்க டீச்சர், போதும்." விளக்கு எரியவில்லை என்பது உண்மைதான். பேட்டரியே செத்துப்போன காரில் விளக்கு எப்படி எரியும்? முக்கோணம் வைக்கவில்லை என்பதும் உண்மைதான். அது அவர் கையில் இருந்தது. செத்துப்போனவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது என்பதற்காக அவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

விசாரணைக் குழுத் தலைவி ஒரு கேள்வி கேட்டார். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே யாரிடமாவது எழுத்து மூலமாகச் சொன்னீர்களா என்று. டெப்போவில் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்றேன். அது பொய்யில்லை.

அதைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம்.

அக்கா


டிசம்பர் 11

அன்புள்ள தம்பிக்கு,

அங்கே எல்லோரும் நலமென்று நம்புகிறேன். நான் எழுதி ஆறு வாரமாகியும் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே.

என் கட்டைப் பிரித்துவிட்டார்கள். விரல்கள் சரியாக மடங்குகின்றன. வேலையில்லாமல் இருப்பதுதான் கஷ்டம். காலை ஐந்துக்கே விழித்துக்கொள்கிறேன். பிறகு செய்ய ஒன்றுமில்லை. சின்னவளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். தெரு முனையில் பஸ் வந்தால் அவள் என் கையை இறுக்கிப் பிடிக்கிறாள். எனக்காகப் பிடிக்கிறாள் என்று புரிகிறது.

இறுதி விசாரணை ஜனவரி பத்தாம் தேதி. வளைவில் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டியது ஓட்டுநரின் பொறுப்பு என்று எழுதப் போகிறார்கள் என்று செயலாளர் சொல்கிறார். அப்படியானால் உரிமம் போய்விடும். வேறு வேலை பார்க்கலாம் என்று உன் மாமா சொல்கிறார்.

மாமன் என்ன சொன்னான் என்று சின்னவள் கேட்டாள். வேலையாக இருப்பான் என்று சொன்னேன்.

அக்கா


டிசம்பர் 28

அக்கா,

அம்மா நன்றாக இருக்கிறாள். நான்தான் நன்றாக இல்லை, அதனால்தான் எழுதவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன்.

உன் ஜூன் மாதத் தனித் தாளும் ஜூலைக் கடிதமும் என் மேசை இழுப்பறையில் இருந்தன. விபத்து அறிக்கை வந்த அன்றே இரண்டையும் எடுத்துப் படித்தேன். திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அதன் பிறகுதான் உனக்கு வக்கீல் வேண்டுமா என்று கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தில் இருந்த கரிசனம் பொய்யில்லை. ஆனால் யாரிடமும் பேசாதே என்று எழுதியது உனக்காக அல்ல.

எழுத்து மூலமாக யாருக்கும் சொல்லவில்லை என்று நீ விசாரணையில் சொன்னதைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. இதை உன்னிடம் மறைத்தால் மற்றதைச் சொல்லிப் பயனில்லை, அதனால் எழுதுகிறேன்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்கு வந்தேன். வீட்டில் ஆய்வுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். பாலத்தடியில் டேப்பைப் பிடித்து அளந்தேன், உன் சீட்டின் உயரத்துக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றும் பார்த்தேன். நிறைந்த பஸ் நாற்பதில் வந்தால் ஓட்டுநர் பார்த்து, மிதித்து, நிற்பதற்குக் குறைந்தது முப்பத்தேழு மீட்டர் வேண்டும். அங்கே கண்ணுக்குத் தெரிவது இருபத்தாறு. நான் அகலத்தை மட்டும் பார்த்தேன். எவ்வளவு தூரம் தெரியும் என்று பார்க்கவில்லை. நீ கேட்டது அதைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, அக்கா. ஜூனிலேயே வந்திருக்கலாம்.

அன்று உன் தெருவுக்கும் வந்தேன். நீ மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு துணியையும் இரண்டு முறை உதறினாய். எதிரே இருந்த மருந்துக்கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டேன். உன் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு மாதம் சும்மா இருந்தேன். உன் டிசம்பர்க் கடிதத்தில் ஒரு வரிகூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

கடந்த திங்கட்கிழமை உன் இரண்டு கடிதங்களையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றையும், நான் எழுதிய பதில்களில் என்னென்ன சொன்னேன் என்பதையும், அளவுகளையும் சேர்த்துக் குழுத் தலைவியிடம் நேரில் கொடுத்துவிட்டேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, "இது உங்க அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அன்று மாலையே என்னைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள்.

அம்மாவை உட்கார வைத்து எல்லாத் தாளையும் முதலிலிருந்து படித்துக் காட்டினேன். இடையில் நிறுத்தவில்லை. முடித்ததும், "இத்தனை நாளும் எனக்குப் பாதியத்தான் படிச்சியா?" என்றாள். பிறகு கையை ஊன்றி எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. உன்னிடம் சொல்ல ஏதும் இல்லையா என்று கேட்டேன். நேரில் போய்ப் பேசிக்கொள்கிறேன் என்று இவளிடம் சொல்லியிருக்கிறாள்.

உனக்காகத்தான் இதைச் செய்தேன். தாமதமாகச் செய்தேன்.

தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா வந்து சேர்ந்து இரண்டு வாரமாகிறது. மாடிப்படி ஏற முடியாதவள் எங்கள் வீட்டு இரண்டு மாடியையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிட்டாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. வேண்டுமென்றுதான் எழுதவில்லை. மருந்துக்கடை வாசலில் நின்றுவிட்டுப் போனாயே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. விசாரணையில் நான் வாயை மூடிக்கொண்டது எனக்குச் சுலபமாக இருந்தது என்று நினைத்தாயா? படியேறி வந்து, தப்பு நடந்துவிட்டது என்று சொல்லியிருந்தால், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருப்பேன்.

எனக்காகச் செய்தேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்காக என்று செய்திருந்தால் அக்டோபரில் செய்திருப்பாய். அந்த மனிதருக்காகச் செய்தாய் என்று நான் வைத்துக்கொள்கிறேன். நீயும் அப்படி வைத்துக்கொள். அதுதான் நமக்கு நல்லது.

என்னையும் விட்டுவிட முடியாது. இருபதில் போய்க்கொண்டிருந்தவள்தான் நான். விளக்கம் கேட்டதும் நாற்பதுக்குப் போனேன். அந்த நாலு நிமிடத்தை விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கலாம். விதிப்படிதான் ஓட்டினேன் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். என் மேல் தவறில்லை, உரிமம் இருக்கிறது, வேலைக்குத் திரும்பலாம். அந்தத் தாளை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். இன்னொரு முறை எடுத்துப் படிக்கத் தோன்றவில்லை.

உன்னைப் பதவி இறக்கி அளவையாளர்களோடு சாலைக்கு அனுப்பியிருப்பதாக உன் மனைவி அம்மாவுக்கு எழுதியிருந்தாள். நல்லது என்று அம்மா சொன்னாள். திட்டத்துக்காகச் சொன்னாளா, கோபத்தில் சொன்னாளா என்று கேட்கவில்லை.

ஓரம் மறுபடி திறந்துவிட்டது. பாலத்துக்கு முன்பே பஸ்கள் பெரிய தடத்தில் சேர்ந்துகொண்டு, பாலத்தைத் தாண்டிய பிறகுதான் ஓரத்துக்கு வர வேண்டும். ஆறு நிமிடம் கூடுதல். அட்டவணையிலும் அந்த ஆறைச் சேர்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல் நான் ஓட்டுகிறேன். முதல் நாள் பாலம் வந்தபோது காரில் இருந்த ஒருவர் எனக்கு வழிவிட்டு நின்றார். கையை உயர்த்தி நன்றி சொன்னேன், பிறகு தூணைப் பார்க்காமல் தாண்டினேன். ரத்தம் சுத்திகரிக்க வருகிற அம்மாளைக் காணவில்லை. விசாரித்தேன். ஓரம் மூடியிருந்த மாதங்களில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே மகள் வீட்டுக்குக் குடி போய்விட்டாராம்.

இன்னொன்று. போன ஞாயிறு அந்த மனிதரின் மனைவியைப் பார்க்கப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. செயலாளர் வேண்டாம் என்றே சொன்னார். அம்மாதான், "போறதுன்னா தனியாப் போ" என்றாள்.

நான்காவது மாடி. கதவைத் திறந்ததும் நான் யார் என்று சொன்னேன். அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். சாத்திவிடுவார் என்று நினைத்தேன். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருப்பார். துணிக்கடையில் வேலை. மேசையில் பாதி மடித்த துணிகள் கிடந்தன. அவர் மடித்துக்கொண்டே இருந்தார், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

முடித்த பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒரு எச்சரிக்கையும் வைக்காம ரோட்டுல நின்னாருன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. அப்படித்தானா?"

இல்லை, முக்கோணத்தை வைக்கத்தான் வந்துகொண்டிருந்தார் என்றேன். கையிலேயே இருந்தது, விரிக்க வரவில்லை, அதைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார் என்று நான் கண்டதைச் சொன்னேன்.

அவர் மடிப்பதை நிறுத்தினார்.

"அவருக்கு எதையுமே விரிக்க வராது. மழை வந்தா குடையக்கூட என்கிட்டதான் நீட்டுவாரு."

சொல்லிவிட்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். என்ன பாட்டு முணுமுணுப்பார், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், செருப்பை எப்படிக் கழற்றிப் போடுவார். வெயில் இறங்கும்வரை சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை.

அக்கா